மூடியை எப்போது இறுக்குவது?

வீட்டில் முதன்முறையாக பியர் தயாரிப்பவருக்கு மோல் கணக்கு தெரியாவிட்டால் போத்தல் வெடிக்கலாம்!

சிங்கப்பூரில் 18 வயது நிறைந்தவர்கள் சொந்தப் பயன்பாட்டுக்காக வீட்டிலேயே பியர் தயாரிக்கச் சட்டம் இடமளிக்கிறது. ஒரு வீட்டில் மாதத்துக்கு 30 லிட்டர் வரைதான், விற்கக்கூடாது. மாணவர்களே, உங்களுக்கு அந்த வயது வரவில்லை. ஆனால், அந்தப் பாத்திரத்துக்குள் நடப்பதெல்லாம் உங்கள் பாடநூலில் உள்ளவைதான்.

தஞ்சோங் பகாரில் ஓர் அடுக்குமாடி வீட்டின் சமையலறையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். புதிதாக முயல்பவர், முளைகட்டி உலர்த்திய பார்லியைச் சுமார் 65 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைக்கிறார். நம் உமிழ்நீரில் இருப்பதைப் போலவே பார்லியிலும் அமைலேஸ் என்ற நொதி உண்டு. அது மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகிறது. சூடு மிஞ்சினால் நொதி செயலிழந்துவிடும். பிறகு அந்த இனிப்பு நீரை வடிகட்டி, கசப்புக்காக ஹாப்ஸ் பூக்களைச் சேர்த்துக் கொதிக்கவைத்து, ஆறியதும் ஈஸ்ட்டைத் தூவுகிறார்.

இனி வேலை ஈஸ்ட்டினுடையது. காற்றில்லாத சூழலில் அது குளுக்கோஸை எத்தனாலாகவும் கரியமில வாயுவாகவும் பிரிக்கிறது. இதுவே நொதித்தல்.

<b>வேண்டாத விருந்தாளிகள்</b>

சர்க்கரை நீரைத் தேடி ஈஸ்ட் மட்டுமா வரும்? பாத்திரம் சுத்தமாக இல்லாவிட்டால் பாக்டீரியா புகுந்து புளிக்கச் செய்துவிடும். பியர் கெடுவதற்கு நுண்ணுயிர்களே காரணம் என்று விளக்கி, லூயி பாஸ்டர் 1876இல் ஒரு நூலே எழுதினார். 1883இல் கோப்பன்ஹேகனின் கார்ல்ஸ்பர்க் ஆய்வுக்கூடத்தில் எமில் ஹேன்சன், ஒரே வகை ஈஸ்ட்டைத் தனியாகப் பிரித்து வளர்த்துக் காட்டினார்.

<b>நம் ஊர் வெப்பம்</b>

பியர் ஈஸ்ட்டில் பரவலாகப் பயன்படும் ஒரு வகைக்கு 18 முதல் 22 டிகிரி வரை ஏற்றது. நம் வீடுகளிலோ பகலில் 30 டிகிரி. போதாக்குறைக்கு, நொதித்தலே வெப்பத்தை வெளியிடும் வினை. சூடு கூடினால் ஈஸ்ட் அவசரப்படும். நெடி மிகுந்த வேறு ஆல்கஹால்களும் உருவாகும். தஞ்சோங் பகார் ரயில் நிலையம் திறக்கப்பட்ட அதே 1932இல்தான் அலெக்சாண்ட்ரா சாலை ஆலையின் டைகர் பியரும் அறிமுகமானது. வெப்பமண்டலத்தில் இத்தகைய தொழிலுக்குக் குளிரூட்டும் இயந்திரம் இன்றியமையாதது. வீட்டில் முயல்பவர் பாத்திரத்தைக் குளிர்ந்த நீர்த்தொட்டியில் வைத்துச் சமாளிக்கிறார்.

<b>போத்தலுக்குள் ஒரு கணக்கு</b>

பியரில் நுரை வர, போத்தலில் அடைக்கும்போது சிறிது சர்க்கரை சேர்ப்பார்கள். அரை லிட்டர் போத்தலில் 3.6 கிராம் குளுக்கோஸ் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மோல் குளுக்கோஸ் 180 கிராம்; எனவே இது 0.02 மோல். ஒவ்வொரு மோலிலிருந்தும் 2 மோல் வாயு கிடைப்பதால் 0.04 மோல் கரியமில வாயு. அறை வெப்பநிலையில் ஒரு மோல் வாயுவின் கன அளவு 24 லிட்டர் என்றால், விடை 0.96 லிட்டர்!

ஒரு சிறு கரண்டிச் சர்க்கரையிலிருந்து கிட்டத்தட்ட ஒரு லிட்டர் வாயு. அது வெளியேற வழியின்றி, பெரும்பகுதி பியரில் கரைந்து, மீதி மேலே அழுத்துகிறது. முதல் நொதித்தல் முடியும் முன்பே மூடியை இறுக்கினால், மிச்சமிருக்கும் சர்க்கரையும் வாயுவாகும். கண்ணாடி அந்த அழுத்தத்தைத் தாங்காது.

முடிந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? குமிழி நின்றுவிட்டதே என்று நம்பிவிடக்கூடாது. சர்க்கரை குறையக் குறைய திரவத்தின் அடர்த்தியும் குறையும். ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டு, அளவு சில நாள்களுக்கு மாறாமல் இருந்தால் மட்டுமே மூடலாம்.

<b>நீங்களே செய்து பாருங்கள்</b>

இரண்டு பிளாஸ்டிக் போத்தல்களில் தலா 100 மில்லிலிட்டர் வெதுவெதுப்பான நீர், 2 தேக்கரண்டி சர்க்கரை, 1 தேக்கரண்டி உலர் ஈஸ்ட் போடுங்கள். வாயில் பலூனை மாட்டுங்கள்; மூடியால் அடைக்க வேண்டாம். ஒன்றை மேசையிலும் மற்றொன்றைக் குளிர்பதனப் பெட்டியிலும் வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்து இரண்டு பலூன்களின் சுற்றளவையும் நூலால் அளந்து ஒப்பிடுங்கள். கலவையைக் குடிக்காமல் ஊற்றிவிடுங்கள்.