புகைக்கும் ஒரு வேலை!

அடுப்பில் தீ மங்கினால் ஊதுகுழலால் ஊதுகிறோம். தீ கொழுந்து விட்டு எரிகிறது.

கார் என்ஜினுக்கும் ஓர் ஊதுகுழல் உண்டு. அதன் பெயர் "டர்போ". வெளியேறும் புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டிலுள்ள மற்றொரு சக்கரம் காற்றை என்ஜினுக்குள் அழுத்தும். காற்று மிகுந்தால் பெட்ரோலும் மிகுதியாக எரியும், சக்தி பெருகும்.

விமானம் செய்து வந்த சுவீடன் "சாப்" கம்பெனி, 1984-ல் "சாப் 9000" காரை வெளியிட்டது. என்ஜின் 2 லிட்டர்தான். டர்போவினால் 175 குதிரைச் சக்தி!

மண்ணாடிப்பட்டு வழியே ஓடும் டீசல் லாரிகளிலும் டர்போ உண்டு. டிரைவர்களே, நெடுந்தூரம் வேகமாக ஓடி வந்தவுடன் என்ஜினை அணைக்காதீர்கள்! ஒரு நிமிடம் மெதுவாக ஓட விடுங்கள். இல்லாவிட்டால் எண்ணெய் ஓட்டம் நின்று, சூட்டில் கருகி, டர்போ பாழாகும். செலவு உங்களுக்குத்தான்!