வாடிய செடிக்கு முதலில் நாடி பாருங்கள்!

'டாக்டர், ஹாலில் வைத்த பீஸ் லில்லி தலையைத் தொங்கப் போட்டுடுச்சு. தினமும் தண்ணீர் ஊற்றியும் தேறவில்லை. ஏதாவது வைத்தியம் இருக்கா?'

மருந்து வாங்க வருகிற இடத்தில் இப்படிக் கேட்பவர்கள் உண்டு. சித்த வைத்தியரிடம் செடிக்கு வைத்தியம் கேட்பதில் தப்பே இல்லை. செடி கொடிகளோடு பழகித்தானே நாங்களும் படித்தோம்! ஆனால், இந்தக் கேள்விக்குள்ளேயே பாதி விடை இருக்கிறது. 'தினமும் தண்ணீர் ஊற்றியும் தேறவில்லை' என்கிறார்களே, பெரும்பாலான வீடுகளில் தினமும் ஊற்றுவதால்தான் அது தேறாமல் போகிறது.

பீஸ் லில்லி பெயரில்தான் லில்லி. தாவர சாஸ்திரப்படி அது நம்ம சேப்பங்கிழங்கு, கருணைக்கிழங்குக்கு உறவு. ஸ்பாத்திபில்லம் என்பது அதன் தாவரப் பெயர். வெள்ளை வெளேர் என்று நாம் ரசிப்பது பூ அல்ல, பாளை. நடுவில் நிற்கிற கதிரில் பொடிப் பொடியாக இருப்பவைதான் நிஜப் பூக்கள். வீடுகளில் வளர்க்கும் வகைகளின் பூர்வீகம் மத்திய, தென் அமெரிக்க மழைக்காடுகள். அங்கே பெரிய மரங்களின் நிழலில், இலை மக்கு நிறைந்த பொலபொலப்பான மண்ணில் வளர்கிறது. ஈரமும் உண்டு, வேருக்குக் காற்றும் உண்டு. நம் வீட்டுத் தொட்டியில் ஈரம் மட்டும் தாராளமாகக் கிடைக்கிறது. காற்று கிடைப்பதில்லை.

ஒரே அறிகுறி, இரண்டு நோய்

தண்ணீர் போதாவிட்டாலும் இந்தச் செடி வாடும். தண்ணீர் அதிகமானாலும் வாடும். இங்கேதான் எல்லோரும் ஏமாந்து போகிறார்கள்.

மண்ணின் இடுக்குகளில் எந்நேரமும் தண்ணீர் தேங்கி நின்றால் வேர் மூச்சு விட முடியாது. பூஞ்சணம் பிடித்து அழுக ஆரம்பிக்கும். அழுகின வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. ஆகவே சேற்றில் நின்றுகொண்டே செடி தாகத்தால் வாடும்! 'ஐயோ பாவம்' என்று நாம் இன்னும் ஒரு சொம்பு ஊற்றுவோம். அதோடு கதை முடிந்துவிடும்.

தொட்டுப் பாருங்கள்

சித்த மருத்துவத்தில் எண்வகைத் தேர்வு என்று உண்டு. நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் ஆகிய எட்டையும் பார்த்துத்தான் நோயை நிர்ணயிப்போம். செடிக்கு ஸ்பரிசமும் நிறமும் போதும். தண்ணீர் சொம்பை எடுக்கும் முன் விரலை மண்ணில் இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள்.

மண் உலர்ந்திருக்கிறதா? தொட்டி லேசாக இருக்கிறதா? இலை பச்சையாகவே துவண்டிருக்கிறதா? இது வெறும் தாகம். அடித் துளை வழியே வடியும் வரை நிதானமாகத் தண்ணீர் விடுங்கள். சில மணி நேரத்தில் எழுந்து நிற்கும்.

மண் சொதசொதவென்று இருக்கிறதா? இலை மஞ்சளாகிறதா? தண்டின் அடிப்பாகம் கொழகொழப்பாக, துர்நாற்றத்தோடு இருக்கிறதா? இது வேர் அழுகல். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விடாதீர்கள்.

அழுகலுக்கு அறுவை சிகிச்சை

செடியைத் தொட்டியிலிருந்து பக்குவமாக வெளியே எடுத்து, வேரைக் குழாய்த் தண்ணீரில் அலசுங்கள். நல்ல வேர் வெளுப்பாக, உறுதியாக இருக்கும். கெட்ட வேர் பழுப்பாகி, தொட்டாலே நழுவி வரும். கொதிநீரில் கழுவிய கத்தரிக்கோலால் கெட்டதை எல்லாம் நறுக்கி விடுங்கள். மஞ்சள் இலைகளையும் எடுத்து விடுங்கள். மிச்சமுள்ள வேர் அத்தனை இலைகளைத் தாங்காது.

மீதி வேருக்குச் சரியாக இருக்கும் சிறு தொட்டியே போதும். பெரிய தொட்டி வைத்தால் மண்ணில் ஈரம் தங்கிப் பழைய நோய் திரும்பும். தொட்டியின் அடியில் துளை கட்டாயம் வேண்டும். பழைய மண்ணைக் கொட்டிவிட்டு, தேங்காய் நார்த்தூள், மணல், கொஞ்சம் மண்புழு உரம் கலந்த புது மண்ணில் நடுங்கள். ஒரு தடவை தண்ணீர் விட்டு வடிய விடுங்கள். அப்புறம் மேல்மண் உலர்ந்த பிறகுதான் அடுத்த தண்ணீர்.

வேர் பெரும்பாலும் போயிருந்தாலும் அடித்தண்டு கெட்டியாக இருந்தால் நம்பிக்கை உண்டு. புது இலை வர ஒன்றரை மாதம்கூட ஆகலாம். அடித்தண்டே கூழாகிப் போயிருந்தால் மனசைத் தேற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

பத்தியம்

சத்து ஏறட்டும் என்று டீத்தூள், பால், முட்டை ஓடு, அரிசி கழுவிய தண்ணீர் என்று போட்டுத் தாக்காதீர்கள். காய்ச்சல்காரருக்கு யாராவது பிரியாணி போடுவார்களா? 'லங்கணம் பரம ஔஷதம்' என்பது செடிக்கும் பொருந்தும். இரண்டு மாதம் எந்த உரமும் வேண்டாம்.

நேர் வெயில் இலையைக் கருக்கும். இருட்டு மூலையில் பூக்காது. விளக்குப் போடாமல் பேப்பர் படிக்க முடிகிற ஜன்னலோரம் உத்தமம். ஏ.சி. காற்று நேராகப் படக் கூடாது.

இலை நுனி மட்டும் கருகினால் தண்ணீரிலுள்ள உப்பைச் சந்தேகப்படுங்கள். தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவு தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். வீணாகிறதே என்று ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் தண்ணீரைச் சிலர் செடிக்கு ஊற்றுகிறார்கள். உப்பெல்லாம் சேர்ந்திருப்பது அதில்தான்! அதைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். செடிக்கு மழைநீர் அமிர்தம்.

வீட்டு மனிதர்களுக்கும் கொஞ்சம்...

சேப்பங்கிழங்கு நறுக்கினால் கை அரிக்கிறதல்லவா? காரணம், ஊசி போன்ற கால்சியம் ஆக்ஸலேட் படிகங்கள். அவை பீஸ் லில்லியிலும் உண்டு. தவழும் குழந்தை இலையைக் கடித்துவிட்டால் வாய் எரியும், உதடு வீங்கும், எச்சில் வழியும். வாயிலிருப்பதைத் துடைத்தெடுத்து, தண்ணீரால் கழுவி, குளிர்ந்த பாலோ தண்ணீரோ கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். விழுங்கவோ மூச்சு விடவோ சிரமப்பட்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பூனை, நாய்க்கும் இது ஆகாது. வேர் நறுக்கிய கையால் கண்ணைக் கசக்காதீர்கள்.

தொட்டியின் கீழ்த் தட்டில் தேங்கும் நீர் டெங்கு கொசுவுக்குத் தொட்டில். தண்ணீர் விட்ட கொஞ்ச நேரத்தில் தட்டைக் கவிழ்த்துவிட்டு, வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள். முட்டை விளிம்பில் ஒட்டியிருக்கும்.

'காற்றைச் சுத்தம் பண்ணும்னு சொல்லித்தானே வாங்கினோம்?' என்பீர்கள். 1989-ல் நாசா வெளியிட்ட ஆராய்ச்சி, மூடிய சிறு அறையில் செய்யப்பட்டது. 2019-ல் வெளியான ஆய்வு ஒன்று, ஜன்னல் வழியே வரும் காற்று செய்கிற வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமென்றால், ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது 10 செடிகளாவது வேண்டும் என்று கணக்குச் சொன்னது. ஆகவே காற்றுக்கு ஜன்னலைத் திறங்கள். செடியை அழகுக்காக வளருங்கள்.

நாளைக் காலையில் சொம்போடு போகும்போது ஒரு நிமிஷம் நில்லுங்கள். முதலில் விரல், பிறகு தண்ணீர். இந்தப் பழக்கம் வந்துவிட்டால் உங்கள் பீஸ் லில்லிக்கு வைத்தியரே தேவைப்படாது.