தொண்டர்களுக்கு ஒரு விடையாற்றி

மார்கழி நிறைந்து, தை பிறந்து, அதன் முதல் ஞாயிறும் கடந்துவிட்டது. எங்கள் குடியிருப்பை ஒட்டிய மாநகராட்சிப் பூங்காவில் மாதம் முழுவதும் வைகறையில் எழுந்த பாவைப் பாடல்களின் ஒலி இன்னும் செவியை விட்டு நீங்கவில்லை. சென்னைக் குளிர் அப்படியொன்றும் கடுமையானதன்று. ஆயினும் கம்பளிக் குல்லாயும் சால்வையும் அணிந்து வரும் எங்களைப் பார்த்தால் இமயமலை அடிவாரத்தில் கூடியிருக்கிறோமோ என்று தோன்றும்.

விழா சிறியது. திருப்பாவையில் நாளுக்கொரு பாசுரம், திருவெம்பாவையில் ஒரு பாடல், அதன்பின் நாமசங்கீர்த்தனம், முடிவில் தொன்னையில் வெண்பொங்கல். மார்கழிக்குப் பெரும்பாலும் 29 நாட்களே வருவதால் 30 பாசுரங்களில் கடைசி இரண்டையும் நிறைவு நாளன்று சேர்த்துப் பாடிவிடுவோம். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். ஆகவே தொண்டையே துணை. இதில் ஒரு நன்மையும் உண்டு. மயிலை நாகேஸ்வரராவ் பூங்காவில் ஒலிபெருக்கியின்றிச் சிறுவர்கள் பாடிய கச்சேரிகளைக் கேட்டவர்களுக்கு, அருகில் சென்று அமர்ந்து கேட்பதன் சுகம் தெரியும். பாபநாசம் சிவன் அவர்கள் மயிலை மாடவீதிகளில் பல்லாண்டுகள் மார்கழி பஜனை நடத்திவந்தபோது, குரலும் தாளமும் அன்றோ துணை நின்றன!

வங்கியில் முப்பத்தாறு ஆண்டுகள் கணக்கோடு வாழ்ந்தவன் என்பதால், விழாவின் வரவு செலவும், நிறைவு நாளில் நன்றி கூறும் பொறுப்பும் அடியேனிடம் வந்து சேர்ந்தன. பேரேட்டில் ஒரு ரூபாய் இடித்தாலும் இரவு உறக்கம் வராத பழக்கம் எனக்கு. அத்தகைய நான் சென்ற ஆண்டு செய்த பிழையைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

அன்று வாசித்த நன்றியுரையில் முதலில் நன்கொடையாளர்கள், தொகையின் இறங்குவரிசையில். அடுத்துப் பாடியவர்கள். பிறகு அரிசியும் நெய்யும் அளித்தவர்கள். அதற்குள் பொங்கல் ஆறத் தொடங்கிவிட்டது; கூட்டத்திலும் சலசலப்பு. 'மற்றும் தொண்டாற்றிய பலருக்கும் நன்றி' என்று கூறித் தாளை மடித்துவிட்டேன்.

அந்த 'பலர்' என்ற சொல்லுக்குள் எழுபது வயது கடந்த ஓர் அம்மையார் இருந்தார். பூங்காவிற்கு எதிர்ச் சந்தில் குடியிருப்பவர். நாள்தோறும் நான்கு மணிக்கே துடைப்பத்துடன் வந்து, உதிர்ந்த இலைகளைக் கூட்டி, நீர் தெளித்து, மேடைமுன் இழைக்கோலம் இட்டு, சாண உருண்டையில் பூசணிப்பூ செருகி வைத்துவிட்டு, நாங்கள் வருவதற்குள் ஓர் ஓரமாகச் சென்று அமர்ந்துவிடுவார். கோலமாவும் அவர் கைப்பொருளே. அவர் தந்த பொருளுக்கு ரசீது இல்லாததால் என் கணக்கில் அவர் வரவேயில்லை.

இந்த ஆண்டு மார்கழி முதல் நாள் பூங்காவிற்குள் நுழைந்தபோது தரை வெறுமையாக இருந்தது. இலைச்சருகுகளின் மேலேயே ஜமக்காளத்தை விரித்தோம். மூன்றாம் நாளும் அவரைக் காணவில்லை. உடல்நலம் குன்றியதோ என்று வீட்டுக்குச் சென்றேன். "முழங்கால் வலி" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காபி கொண்டுவர உள்ளே சென்றார். வாயிற்படியில் நின்ற மருமகள் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "போன வருஷம் பேர் வாசிச்சப்போ அத்தை முன்வரிசையில உக்காந்திருந்தாங்க ஐயா. எங்க நாத்தனாரையும் கூட்டிட்டு வந்திருந்தாங்க."

அந்தக் காபி தொண்டையில் இறங்கவில்லை. கைங்கர்யம் செய்வோர் பலன் கருதலாகாது என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அது செய்பவர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ள வேண்டிய சொல். பெற்றுக்கொண்டவர் வாயிலிருந்து வந்தால் அது வெறும் சாக்கு. உழவாரப்படையைத் தோளில் ஏந்தித் திருக்கோயில் முற்றங்களில் புல் செதுக்கிய நாவுக்கரசர் பெருமான் எந்தப் பாராட்டையும் நாடியவரல்லர். எனினும் சிவாலயந்தோறும் நாம் அவரை அந்தக் கருவியோடுதான் நிறுத்தி வணங்குகிறோம், ஏட்டோடன்று.

"அம்மா, தவறு என்னுடையது" என்றேன். "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்று பேச்சை மாற்றினார். மறுநாளும் வரவில்லை. ஒன்பதாம் நாள் நான்கரை மணிக்குச் சென்றபோது கோலம் இருந்தது. குனிய முடியாததால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்தபடி அவர் புள்ளி சொல்ல, குடியிருப்பைச் சேர்ந்த இரண்டு கல்லூரிப் பெண்கள் இழை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கூடாரவல்லிக்குள் அவர்கள் கை நன்றாகத் திருந்திவிட்டது.

நிறைவு விழாவை எவ்வாறு நடத்துவது என்று யோசித்தபோது விடையாற்றி நினைவுக்கு வந்தது. மயிலையில் பங்குனிப் பெருவிழா நிறைந்தபின் கபாலீசுவரருக்கு விடையாற்றி நடைபெறுவதைக் கண்டிருப்பீர்கள். வீதிதோறும் உலா வந்த இறைவனின் களைப்பு நீங்க அமைதியாக இசையும் வழிபாடும். உலா வந்த இறைவனுக்கே களைப்பாற ஏற்பாடு செய்த முன்னோர், தோள் காய்த்துப்போன ஸ்ரீபாதம் தாங்கிகளின் களைப்பை அறியாமலா இருந்திருப்பார்கள்? எங்கள் தொண்டர்களுக்கும் ஒரு விடையாற்றி செய்துவிடுவது என்று முடிவாயிற்று.

தை முதல் ஞாயிறு காலை, மாதமெல்லாம் பரிமாறியவர்கள் பந்தியில் அமர்ந்தார்கள். மாதமெல்லாம் உண்ட நாங்கள் பரிமாறினோம். நாளுக்கு ஐந்து கிலோ அரிசியும் இரண்டு கிலோ பாசிப்பருப்பும் வேகவைத்த சமையற்காரர், அண்டா தேய்த்த இளைஞர்கள், செருப்புகளை ஒழுங்காக அடுக்கிவைத்த எட்டாம் வகுப்புச் சிறுவன், தொன்னைகளைப் பொறுக்கிக் குப்பையைத் தரம் பிரித்த தூய்மைப் பணியாளர்கள் என யாவரும் இலைமுன் இருந்தனர். நான் சாம்பார் வாளி தூக்கியதில் வேட்டியில் பாதி சாம்பார். பந்தியில் சிரிப்பொலி அடங்க நேரமாயிற்று. சமையற்காரர் மட்டும் உட்காரப் பொறுக்காமல் இருமுறை எழுந்து, "ரசம் தெளிவா ஊத்துங்க சார்" என்று எனக்கு வகுப்பெடுத்தார்.

பின்னர் பெயர்களை வாசித்தேன். இம்முறை தொகை வரிசை இல்லை, அகர வரிசை. 53 பெயர்கள். ஒவ்வொருவரும் என்ன செய்தார் என்று ஒரு வரி. இரண்டு இரவுகள் உட்கார்ந்து, நாலு பேரிடம் கேட்டுச் சரிபார்த்து எழுதியது. 'மற்றும் பலர்' கிடையாது என்று சிறிது பெருமிதத்துடனேயே அறிவித்தேன். அம்மையாரின் பெயரை அழைத்து, எங்களில் மூத்த பெண்மணி ஒருவர் மாலையிட்டபோது அவர் முகம் மலர்ந்ததைக் கண்டேன். நாத்தனாரும் வந்திருந்ததாக மருமகள் கண்ணாலேயே சுட்டிக்காட்டினாள்.

மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்ட அம்மையார் என்னருகே வந்து மெதுவாகக் கேட்டார்: "ஐயா, தினம் நாலு மணிக்கு எனக்கு கேட் தொறந்து விட்டவரு பேரைக் காணோமே?"

பூங்காவின் காவலர், வாயிலருகே எப்போதும் போல் நின்றுகொண்டிருந்தார். உண்டாரா என்றுகூட யாரும் கேட்டிருக்கவில்லை. பல ஆண்டுகளாக அவரை 'வாட்ச்மேன்' என்று அழைத்தே பழகிய எனக்கு அவர் பெயர் தெரியாது. அருகே சென்று கேட்டேன். சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து, 54 என்று எண்ணிட்டு, அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். பிறகு மேடைக்குத் திரும்பி அந்த ஒரு வரியை மட்டும் மீண்டும் வாசித்தேன். அந்த இரண்டு கல்லூரிப் பெண்கள் அதற்குள் அவருக்கு இலை போட்டுவிட்டிருந்தார்கள்.