மூளைக்கு முன்பே வந்த தூக்கம்

மாத்தூரிலிருந்து மணலி ஆலைகளுக்கு நைட் ஷிப்ட் போய்வருகிறவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும்: ராத்திரி விட்ட தூக்கத்தை உடம்பு மறுநாள் பகலில் எப்படியாவது வசூலித்துவிடும். இந்த வசூல் மனிதர்களிடம் மட்டும் நடப்பதல்ல. காசிமேட்டில் வலையில் ஏறினால் மீனவர்கள் எரிச்சலோடு உதறிப் போடும் சொறி, அதாவது ஜெல்லி மீன், அந்தக் கூட்டத்திலும் இது உண்டு. அவற்றுக்கு மூளையே கிடையாது.

இமை மூடாத, குறட்டை விடாத ஒரு பிராணி தூங்குகிறதா, சும்மா கிடக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஆய்வாளர்கள் மூன்று விஷயங்களைப் பார்க்கிறார்கள். அசைவு குறைந்து, எழுப்பினால் எழ வேண்டும். சீண்டினால் வழக்கத்தைவிடத் தாமதமாக உணர வேண்டும். தூங்கவிடாமல் கெடுத்தால், பிறகு அதை ஈடுகட்ட வேண்டும். மூன்றாவதுதான் கறாரான சோதனை. நேரத்துக்கு ஓய்வதை மட்டும் வைத்துத் தூக்கம் என்று சொல்லிவிட முடியாது.

இதற்கு நம் ஊர் உதாரணமே இருக்கிறது. அலை ஏறி இறங்கும் மணலில் புதைந்து வாழும் எமெரிட்டா என்ற சிறு நண்டைச் சென்னையில் ஆராய்ந்தவர் எம்.கே. சந்திரசேகரன். பின்னாளில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் உயிர்க்கடிகார ஆராய்ச்சியை வளர்த்தவரும் இவர்தான். அலையும் ஓதமும் இல்லாத ஆய்வகத்திலும் அந்த நண்டின் சுறுசுறுப்பு ஓதத்துக்கு ஏற்பவே கூடிக் குறைந்ததை 1965-இல் வெளியிட்டார். அது உடலுக்குள் ஓடும் கடிகாரம். எப்போது ஓய்வது என்பதைக் கடிகாரம் சொல்லும். எவ்வளவு தூக்கம் பாக்கி என்பது வேறு கணக்கு.

அந்தப் பாக்கியை ஜெல்லி மீனிடம் காட்டியது 2017-இல் அமெரிக்காவின் கால்டெக் ஆய்வாளர்கள். கஸியோப்பியா என்ற இனம் கடலடியில் தலைகீழாகக் கிடந்து உடலைச் சுருக்கி விரிக்கும். பகலில் நிமிடத்துக்குச் சுமார் 58 முறை துடிப்பது இரவில் 39 ஆகக் குறைந்தது. அது கிடந்த தட்டைச் சட்டென்று கீழே இறக்கினார்கள். பகலில் உடனே துடித்துத் தரைக்கு நீந்தியது, இரவில் தாமதித்தது. இரவு முழுவதும் விட்டுவிட்டு நீரைப் பீய்ச்சித் தொல்லை கொடுத்தபோது, மறுநாள் பகலில் சோர்ந்து கிடந்தது.

பள்ளிப் புத்தகத்தில் படம் வரைந்த ஹைட்ராவும் மூளையில்லாப் பிராணிதான். அதுவும் தூங்குகிறது என்று 2020-இல் ஜப்பானிய, கொரிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதன் விழிப்பும் தூக்கமும் சுமார் நான்கு மணி நேரச் சுற்றில் வருகின்றன. இதில் வேடிக்கை என்னவென்றால், நம்மை விழிக்கவைக்கும் டோபமின் என்ற வேதிப்பொருள் ஹைட்ராவைத் தூங்கவைக்கிறது. ஹைட்ரா, ஜெல்லி மீன்களின் வம்சம் நம் வம்சத்திலிருந்து பிரிந்து 60 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இரண்டு கிளைகளும் தனித்தனியாகத் தூக்கத்தைக் கண்டுபிடித்தன என்பதைவிட, பொதுவான மூதாதையே தூங்கியது என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

சரி, மூளைக்கு ஓய்வு என்ற காரணம் இங்கே செல்லாது. பின் எதற்கு? இளம்பருவத்தில் ஒரு துப்பு கிடைக்கிறது: தூக்கம் வளர்ச்சியோடு சேர்ந்து வருகிறது. சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்ற ஒரு மில்லிமீட்டர்ப் புழு வளரும்போது நான்கு முறை சட்டை உரிக்கும். ஒவ்வொரு முறையும் இரை எடுக்காமல், அசையாமல் கிடக்கும். அது தூக்கத்தின் இலக்கணத்துக்குப் பொருந்துகிறது என்று 2008-இல் காட்டப்பட்டது.

வாழைப்பழத்தில் மொய்க்கும் பழ ஈக்கு மூளை உண்டு. அதிலும் இதே துப்பு தெரிகிறது. கூட்டிலிருந்து புதிதாக வெளிவந்த ஈ, முதிர்ந்த ஈயைவிட அதிகம் தூங்கும். அந்த வயதில் அதன் தூக்கத்தைக் கெடுத்துப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சோதித்தார்கள். முடிவு 2014-இல் வெளியானது. வளர்ந்தபின் அந்த ஆண் ஈக்களுக்குப் பெண் ஈயை நாடும் நடத்தை சரியாக வரவில்லை. அந்த நடத்தையோடு தொடர்புள்ள மணத்தை உணரும் மூளைப் பகுதியும் முழுதாக வளரவில்லை.