ரூட் அதிகாரமும் சேவைகளை இயக்கும் உரிமையும்

பலர் ஒருங்கே பயன்படுத்தும் லினக்ஸ் சர்வரில் அதிகாரம் முழுவதும் 'ரூட்' என்னும் ஒரே கணக்கினிடத்துக் குவிந்து கிடக்கின்றது. யூனிக்ஸிலிருந்து வழிவழி வந்த ஏற்பாடு இது. ஆயின் மாணவரொருவர் தாம் எழுதிய வலைச்செயலியைத் திருத்தியபின் அதன் சேவையை நிறுத்தித் தொடங்க விழையின், நிர்வாகியைத் தேடி அலைதல் வேண்டும். தொல்லை பொறாத நிர்வாகி ரூட்டின் கடவுச்சொல்லையே ஒரு சீட்டில் எழுதித் தந்துவிடுவார். இத்தகைய தாராளத்தை நம்மிற் பலர் கண்டிருப்போம். அன்று முதல் ஒருவர் கை பிழைத்தால் அனைவருடைய கோப்புகளும் அழியக்கூடும். பிழைத்தவர் யாரென்பதும் விளங்காது.

இவ்விடர் தீர்க்கும் 'சூடோ' என்னும் கருவியை, 1980ஆம் ஆண்டளவில், நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பஃபலோ வளாகத்தில் பாப் காக்ஷாலும் கிளிஃப் ஸ்பென்சரும் இயற்றினர். இன்னார் இன்ன கட்டளையை மட்டும் ரூட்டின் பெயரால் இயக்கலாம் என ஒரு கோப்பில் விதி வரைவதே இதன் முறை. பயனர் தம் சொந்தக் கடவுச்சொல்லையே இடுவர். அவர் சூடோவின் வழியாக இட்ட கட்டளைகள் பதிவேட்டில் ஏறும். அவ்விதிக்கோப்பினை 'விசூடோ' கொண்டே திருத்துக. இலக்கணப் பிழையிருப்பின் அது முன்னரே காட்டும்.

இடறும் இடம் விதியை எழுதுவதில் உளது. சேவைகளை ஆளும் 'சிஸ்டம்சிடிஎல்' கட்டளையை வரையறையின்றி அனுமதித்தல் ரூட்டையே கொடுத்ததற்கு ஒக்கும். எச்சேவையின் அமைப்பையும் அதனால் மாற்றியெழுதலாமன்றோ? ஆதலின் செயலையும் சேவையின் பெயரையும் ஒருங்கே குறித்தல் வேண்டும். நிலையைக் காட்டும் கட்டளைதானும் தீங்கற்றதன்று. சிஸ்டம்டியின் 247க்கு முந்திய பதிப்புகளில், நீண்ட விடையைப் பக்கம் பக்கமாகக் காட்டும் 'லெஸ்' நிரல் ரூட்டின் பெயரால் இயங்கும். அதனுள்ளே வியப்புக்குறியை இட்டு ரூட் ஷெல்லைத் திறந்துவிடலாம். நிலையறிய ரூட் அதிகாரமே பெரும்பாலும் வேண்டுவதில்லை. பின் எதற்காக அதனை விதியிற் சேர்ப்பது?

இதனினும் நுட்பமானது ஒன்று. ரூட்டின் பெயரால் இயங்கும் சேவையின் நிரற்கோப்பை மாணவரே திருத்தக்கூடுமாயின், அவருக்கு மறுதொடக்க உரிமை மட்டும் தந்தாலும் அவர் ரூட்டே ஆவார். தாம் விரும்பியதை அக்கோப்பில் எழுதி, சேவையை மறுபடி தொடங்கினாற் போதும். அத்தகைய சேவையை வலுக்குறைந்த தனிக்கணக்கின்கீழ் இயங்குமாறு முதலில் மாற்றுக.

'போல்கிட்' வாயிலாகவும் இவ்வுரிமையை வழங்கலாம். அதன் விதிகள் ஜாவாஸ்கிரிப்டில் எழுதப்படும். என் கருத்தில், மாணவர் தம் சேவையைத் தம் கணக்கிலேயே 'பயனர் சேவை'யாக நடத்துவது சாலச் சிறந்தது. அதனை நிறுத்தவும் தொடங்கவும் எவரையும் கேட்க வேண்டுவதில்லை. அவர் வெளியேறிய பின்னும் அது இயங்க, 'லிங்கர்' என்னும் அனுமதியை ஒரு முறை இயக்கிவைத்தல் வேண்டும். 1024க்குக் குறைந்த போர்ட் எண்களை மட்டும் அது இயல்பாகப் பெறாது.