உயில் மெய்ப்பிதழ்

உயில் மெய்ப்பிதழ் என்பது, இறந்தவர் எழுதி வைத்த உயில் உண்மையானது என்றும் அதுவே அவருடைய கடைசி உயில் என்றும் நீதிமன்றம் ஏற்று, உயிலின் நகலுடன் முத்திரையிட்டு வழங்கும் ஆவணம் ஆகும். நடைமுறையில் இது புரோபேட் என்றே பெரிதும் அறியப்படுகிறது. இந்தியாவில் இது 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் கீழ் வழங்கப்படுகிறது.

மெய்ப்பிதழ் உயிலை மட்டுமே மெய்ப்பிக்கிறது, சொத்துரிமையை அல்ல. இதைப் பலர் மாற்றிப் புரிந்துகொள்கின்றனர். ஒரு தந்தை தம் வீட்டை இளைய மகனுக்கு எழுதி வைத்து இறந்தார் எனக் கொள்வோம். உயில் அவர் எழுதியதுதானா, தெளிந்த மனநிலையில் எழுதினாரா, முறைப்படி சாட்சிகள் கையெழுத்திட்டனரா என்பதை மட்டுமே மெய்ப்பிதழ் வழங்கும் நீதிமன்றம் பார்க்கும். அந்த வீடு அவருடைய சுயசம்பாத்தியமா, பூர்வீகச் சொத்தா என்ற கேள்விக்குள் அது நுழையாது. வீடு பூர்வீகச் சொத்து என்று கருதும் மூத்த மகன், மெய்ப்பிதழ் வழங்கப்பட்ட பிறகும் உரிமையியல் நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை வழக்குத் தொடரலாம். ஆனால் உயிலே போலி என்று அங்கே வாதிட முடியாது. மெய்ப்பிதழ் நடப்பில் உள்ளவரை, உயிலின் உண்மைத்தன்மை குறித்த அந்த முடிவு வழக்கில் சேராதவர்களையும் கட்டுப்படுத்தும்.

சென்னையின் தனிநிலை

தமிழ்நாட்டில் மெய்ப்பிதழ் என்றதும் சென்னை நினைவுக்கு வருவதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. 1870-ஆம் ஆண்டு இந்து உயில்கள் சட்டம் சென்னை, பம்பாய் உயர் நீதிமன்றங்களின் நேரடி உரிமையியல் எல்லைக்கும் வங்காளப் பகுதிக்கும் உரியதாக இயற்றப்பட்டது. அந்த எல்லைக்கோடு 1925-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவுக்குள்ளும் வந்து சேர்ந்தது. இதனால் இந்து ஒருவர் மயிலாப்பூர் வீட்டுக்கு எழுதிய உயிலை வைத்து நீதிமன்றத்தில் உரிமை கோர மெய்ப்பிதழ் கட்டாயமாக இருந்தது. மதுரையில் இருந்துகொண்டு மதுரை வீட்டுக்கு எழுதிய உயிலுக்கு அது தேவைப்படவில்லை. அதே மதுரை வீட்டுக்கான உயிலை மயிலாப்பூரில் அமர்ந்து எழுதியிருந்தால் தேவைப்பட்டது! பிரிட்டிஷ் ஆட்சி வகுத்த எல்லை விடுதலைக்குப் பின்னும் பல பத்தாண்டுகள் இப்படித் தொடர்ந்தது.

இந்தக் கட்டாயத்தை விதித்தது 213-ஆம் பிரிவு. முஸ்லிம்களுக்கு அது பொருந்தவில்லை. இந்தியக் கிறித்தவர்களுக்கு 2002-இல் விலக்கு அளிக்கப்பட்டது. 2025 டிசம்பரில் இயற்றப்பட்ட நீக்கல் மற்றும் திருத்தச் சட்டம் 213-ஆம் பிரிவையே நீக்கிவிட்டது. கட்டாயம் போனாலும் மெய்ப்பிதழ் பெறும் வழி அப்படியே உள்ளது. வாரிசுகளிடையே பூசல் எழக்கூடிய இடத்தில் அதைப் பெற்று வைப்பதே பாதுகாப்பு.

பெறும் முறை

உயிலில் நிறைவேற்றுநராக நியமிக்கப்பட்டவருக்கு மட்டுமே மெய்ப்பிதழ் கிடைக்கும். உயிலில் அப்படி யாரும் நியமிக்கப்படவில்லை என்றால், சொத்தைப் பெறுபவர் உயில் இணைக்கப்பட்ட நிர்வாக உரிமைப் பத்திரம் கோர வேண்டும். இறப்பு நிகழ்ந்து ஏழு நாள்கள் கழியும் முன் மெய்ப்பிதழ் வழங்கப்படாது. மனுவுடன் மூல உயில், இறப்புச் சான்றிதழ், சொத்து விவரம், உயிலில் கையெழுத்திட்ட சாட்சி ஒருவரின் உறுதிமொழி ஆகியவை தேவைப்படும். இறந்தவரின் உறவினர்களுக்கு நீதிமன்றம் அறிவிப்பு அனுப்பும். எவரேனும் கேவியட் தாக்கல் செய்து எதிர்த்தால் மனு வழக்காக மாறும். பிறகு முழு விசாரணைதான், ஆண்டுகள் ஓடிவிடும்.

மெய்ப்பிதழ் பெற்றதோடு நிறைவேற்றுநரின் வேலை முடிவதில்லை. ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலையும் ஓராண்டுக்குள் வரவு செலவுக் கணக்கையும் நீதிமன்றத்தில் அளிக்க வேண்டும். இறந்தவரின் கடன்களைத் தீர்த்த பிறகே பங்கீடு.

தாமதமும் ஐயமும்

உயிலில் குறைந்தது இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். அவர்களில் ஒருவரையாவது விசாரித்துத்தான் உயிலை மெய்ப்பிக்க முடியும். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்த உயிலுக்கும் இதே விதிதான். பதிவு கட்டாயமும் அல்ல. குடும்பத்தில் பேச்சு எழாதவரை உயில் பீரோவிலேயே கிடக்கும். பத்தாண்டு கழித்து எடுக்கும்போது சாட்சிகள் இருவருமே உயிரோடு இல்லாமல் போகலாம். அப்போது கையெழுத்தை அடையாளம் காட்டக்கூடியவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். மெய்ப்பிதழ் மனுவுக்கு மூன்றாண்டு காலவரையறை பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்துள்ளது. மனுப் போடும் உரிமை எழுந்த நாளிலிருந்து அது கணக்கிடப்படும். அந்த நாள் எப்போதும் இறந்த நாளாகவே இருக்க வேண்டியதில்லை.

நடுங்கிய கையெழுத்து, நெருங்கிய வாரிசைக் காரணமின்றி ஒதுக்குதல், பெரும்பங்கு பெறுபவரே உயில் தயாரிப்பில் முன்னின்றது போன்றவை ஐயத்துக்குரிய சூழல்கள் எனப்படுகின்றன. அவற்றைப் போக்கும் பொறுப்பு உயிலை முன்வைப்பவருடையது என்பது 1958-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. பயனாளி உயில் தயாரிப்பில் முன்னின்றதாலேயே உயில் தள்ளுபடி ஆகிவிடாது. நீதிமன்றம் கூடுதல் கவனத்துடன் பார்க்கும்.

பிற சான்றுகள்

வட்டாட்சியர் தரும் வாரிசு சான்றிதழ் யார் யார் வாரிசு என்பதை மட்டும் காட்டும். உயிலைப் பற்றி எதுவும் சொல்லாது. இறந்தவருக்கு வர வேண்டிய கடன், பங்குப் பத்திரம் போன்றவற்றுக்கு உரிமையியல் நீதிமன்றம் தருவது வாரிசுரிமைச் சான்றிதழ். பெயர் ஒன்றுபோல் ஒலிப்பதால் இரண்டும் அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படுகின்றன. நிறுவனப் பங்குகளுக்கு நியமனதாரராகப் பதிவானவர் அதனாலேயே அவற்றின் உரிமையாளர் ஆகிவிடமாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் தீர்ப்பளித்தது.