ஒரு சொட்டு காது ரத்தம்

பட்டியும் மேய்ச்சலும் – 9

மல்லாட்டை பிடுங்கி முடிந்ததும் செங்கம், தண்டராம்பட்டுப் பக்கத்துக் கொல்லைகளில் செம்மறிகள் இறங்கிவிடும். கொடி தின்று, வரப்பு மேய்ந்து, காட்டோரப் புதர்களில் உரசித் திரும்பும் ஆட்டின் காது மடலிலும் தொடை இடுக்கிலும் உண்ணி ஏறியிருக்கும். திருவண்ணாமலைச் சீமையில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

“கண்ணு வெளுத்துப் போச்சு டாக்டரய்யா. புழு மருந்து ஊத்தியும் கேக்கல.”

“உண்ணி இருந்துச்சாங்க?”

“உண்ணி இல்லாத ஆடு ஏதுங்க?”

கால்நடை மருந்தகங்களில் இப்படி ஒரு பேச்சு நடக்காத பருவம் குறைவு. ஆட்டின் கீழிமையை இழுத்துப் பார்த்து, சிவப்பு குறைந்திருந்தால் குடற்புழு என்று முடிவு கட்டுவது பழக்கம். அதில் நியாயமும் உண்டு. ஹீமாங்கஸ் என்ற வயிற்றுப் புழு ரத்தத்தை உறிஞ்சி ஆட்டைச் சோகையில் தள்ளும். ஆனால் அந்தச் சோகையோடு காய்ச்சல் வராது. 39 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்க வேண்டிய உடல் சூடு 41-ஐத் தொட்டால், தோள்பட்டைக்கு முன்னால் நெறி கட்டினால், சிறுநீர் சிவந்து போனால், உண்ணி ரத்தத்துக்குள் ஏற்றிவிட்ட கிருமியைத் தேடியாக வேண்டும்.

சந்தேகப்பட வேண்டியவை முக்கியமாக மூன்று. பெபீசியா, தைலேரியா இரண்டும் ஓரணு ஒட்டுண்ணிகள். அனபிளாஸ்மா ஒரு பாக்டீரியா. மூன்றும் சிவப்பணுவுக்குள் குடியேறுபவை. ஆனால் மருந்து வேறு வேறு: தைலேரியாவுக்குப் புபர்வாகுவோன், பெபீசியாவுக்கு டைமினாசின், அனபிளாஸ்மாவுக்கு ஆக்சிடெட்ராசைக்ளின். ஆள் யாரென்று தெரியாமல் ஊசி போட்டால் பணமும் போகும், நாளும் போகும், சில வேளை ஆடும் போகும்.

ஆள் யாரென்று காட்டிக்கொடுப்பது ஒரு கண்ணாடித் தகடு. காதோர ரோமத்தை மழித்து, ஊசியால் மெல்லக் குத்தி, முதலில் வரும் சொட்டை எடுக்கிறார்கள். பெபீசியா நுண்குழல்களில் தேங்கும் இயல்புடையது என்பதால் கழுத்துச் சிரை ரத்தத்தைவிடக் காதோரச் சொட்டில் அது அகப்பட வாய்ப்பு அதிகம். இன்னொரு தகட்டின் விளிம்பால் சொட்டை மெல்லிய படலமாக இழுத்து, காற்றில் உலர்த்தி, மெத்தனாலில் நிலைப்படுத்தி, கீம்சா சாயத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் ஊற வைக்கிறார்கள். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் குஸ்தாவ் கீம்சா 1904-இல் வெளியிட்ட அந்தச் சாயத்துக்கு இன்றும் ஓய்வில்லை.

பிறகு எண்ணெய் விட்டு நுண்ணோக்கியில் ஆயிரம் மடங்கு பெருக்கிப் பார்க்க வேண்டும். செம்மறியின் சிவப்பணு ஏறத்தாழ 4.5 மைக்ரான்தான், மனிதருடையது ஏழுக்கு மேல். அந்தச் சிறு வட்டத்துக்குள் ஜோடி சேர்ந்த பேரிக்காய் வடிவம் தெரிந்தால் பெபீசியா. குச்சியும் புள்ளியுமாகத் தெரிந்தால் தைலேரியா. விளிம்பில் ஒட்டிய ஒற்றைக் கரும்புள்ளி அனபிளாஸ்மா. சாயத் தூசியும் அதே புள்ளி போலத் தெரியும். அதனால் அவசரக் கண்ணுக்கு இங்கே வேலையில்லை.

ருமேனியாவின் விக்டர் பாபெஸ் 1888-இல் மாட்டு ரத்தத்திலும் சில ஆண்டுகளில் ஆட்டு ரத்தத்திலும் பெபீசியாக் கிருமியைக் கண்டார். அந்தப் பெயரே அவர் பெயரிலிருந்து வந்ததுதான். 1893-இல் அமெரிக்காவின் தியோபால்ட் ஸ்மித்தும் கில்போர்னும் மாட்டுக் காய்ச்சலைப் பரப்புவது உண்ணி என்று நிரூபித்தார்கள். செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவுக்குள் மலேரியாக் கிருமியைக் கண்டது அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்துத்தான். ஆட்டுக்கும் மாட்டுக்கும் நடந்த ஆராய்ச்சி மனித மருத்துவத்துக்கு முன்னே சென்ற இடம் இது.

தகட்டுக்கும் எல்லை உண்டு. நோயிலிருந்து மீண்ட ஆட்டின் ரத்தத்தில் கிருமி மிகக் குறைவாகத் தங்கிவிடும். நூறு பார்வையிலும் கண்ணில் படாது. வெளிப்பார்வைக்குக் கொழுத்துத் திரியும் அந்த ஆடுதான் உண்ணிகளுக்குக் கிருமியை ஊட்டுகிறது. இங்கேதான் பி.சி.ஆர். வேண்டும். அது கிருமியின் மரபணுத் துணுக்கைப் பல்கிப் பெருக்கிக் காட்டும். இனத்தையும் பிரித்துச் சொல்லும். 2007-இல் சீன ஆய்வாளர்கள் பெயரிட்ட தைலேரியா லுவென்ஷுனி என்ற இனம் தென்னிந்தியச் செம்மறிகளிலும் இருப்பது இப்படித்தான் தெரியவந்தது. ஆனால் பி.சி.ஆரில் கிருமி தெரிந்ததாலேயே அந்த ஆட்டுக்கு நோய் என்று ஆகிவிடாது. தைலேரியா ஓவிஸ் போன்றவை பெரும்பாலும் தொல்லை தராமல் ரத்தத்தில் கிடக்கும். காய்ச்சல், சோகை, பரிசோதனை முடிவு மூன்றையும் சேர்த்துப் படிப்பவரே மருத்துவர்.

2011-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் நான்கு ஆடு வாங்கிய குடும்பத்துக்கு ஓர் ஆடு செத்தால் சொத்தில் கால் பங்கு போயிற்று. அத்தகைய குடும்பங்களுக்காகவாவது ஊசிக்கு முன்னால் தகடு என்பது வழக்கமாக வேண்டும். மருந்து ஏறிவிட்டால் கிருமி மறைந்து, தகடு பொய் சொல்லும். ஆடு வளர்ப்போர் கூச்சப்படாமல் “ரத்தம் பாத்துட்டு ஊசி போடுங்க” என்று கேட்கலாம். மாவட்டத்தில் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவு இருப்பதே இதற்குத்தான். ஆட்டை நடத்திக்கொண்டு வர முடியாதவர்களுக்கு 1962 என்ற தொலைபேசி எண் இருக்கிறது.

ஓர் ஆட்டுக்கு நோய் உறுதியானதும் அன்றே மற்ற ஆடுகளின் காது, வாலடி, மடிப்பக்கம் எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். தைலேரியா பெரும்பாலும் உண்ணி கடித்த உடனே இறங்குவதில்லை. இரண்டு மூன்று நாள் ஒட்டியிருந்த பிறகே இறங்கும். ஆகவே சீக்கிரம் எடுத்த உண்ணிக்குப் பலன் உண்டு. குடித்துப் பெருத்த பெண் உண்ணி கீழே விழுந்து பட்டிச் சுவர் வெடிப்பில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஆட்டுக்கு மட்டும் மருந்து தெளித்துவிட்டு வெடிப்பைப் பூசாமல் விட்டால், அடுத்த மழைக்கு அதே பட்டியில் அதே காய்ச்சல் வரும்.

(அடுத்த வாரம்: ராணிப்பேட்டைத் தடுப்பு மருந்து நிலையம்)